பழைய விளையாட்டும் புதிய திரையும்

தோற்றுவாய்

ஒரு காலத்தின் கலையை அக்காலத்துக் கருவியினின்று பிரித்துப் பிற்காலத்துக் கருவியில் ஏற்றும்போது சில குறைவதும் சில திரிவதும் இயல்பு. ஏட்டுச்சுவடியிலிருந்து அச்சுக்கு வந்த நம் நூல்களின் வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் கற்கும் மாணவர்க்கும் இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஓலையில் எழுதியோர் மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளியிட்டாரல்லர். எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வேறுபடுத்திக் காட்டினாரல்லர். படிப்பவர் வழக்கறிந்து படித்துக்கொள்வர் என்பது அவர்தம் துணிபு. அவ்வழக்கை அறியாதவர் கையில் சுவடி கிடைப்பின், சொல் சொல்லாகப் பிழைபடும். அப்பிழை சுவடியினுடையதன்று, வாசிப்பினுடையது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் தோன்றிய வீடியோ விளையாட்டுக் கருவிகளும் இன்று இத்தகைய நிலையில் உள்ளன. 1980-களில் வாங்கி அலமாரியில் வைத்த விளையாட்டுப் பெட்டியைத் தேடியெடுத்து, இன்றைய அகன்ற தட்டைத் திரையில் இணைத்துப் பார்ப்பவர் பலரும் ஏமாற்றமே அடைகின்றனர். படம் மங்கிக் கசங்கித் தோன்றுகிறது. உருவங்கள் பக்கவாட்டில் பருத்துவிடுகின்றன. பொத்தானை அழுத்தியபின் சற்றுக் கழித்தே வீரன் துள்ளுகிறான். “இதனையா அந்நாளில் அத்துணை விருப்போடு ஆடினோம்!” என்று தந்தை வியக்க, “இவ்வளவுதானா உங்கள் காலத்து விளையாட்டு?” என்று பிள்ளை கேட்கிறது. அப்பழைய கருவி இழைத்த குற்றம் யாதுமில்லை. அது 1985-இல் எப்படத்தை அனுப்பியதோ அதனையே இன்றும் அனுப்புகிறது. அதனைப் படிக்க வேண்டிய திரைதான் மாறிவிட்டது.

இம்மாற்றம் எங்ஙனம் நேர்ந்தது, பழைய படத்தைப் புதிய திரையில் செவ்வனே காண்பதற்கு என்னென்ன முயற்சிகள் செய்யப்பட்டன என்பவற்றை வரலாற்று முறையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படக்குழாயின் இலக்கணம்

செருமானிய அறிஞர் கார்ல் ஃபெர்டினாண்டு பிரௌன் 1897-ஆம் ஆண்டில் அமைத்த எதிர்மின்வாய்க் கதிர்க்குழாயே பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் மூதாதை. வெற்றிடமாக்கப்பட்ட கண்ணாடிக் குழாயின் பின்புறத்திலிருந்து எலெக்ட்ரான் கற்றை ஒன்று பாய்ந்து, முன்புறத்தே பூசப்பட்டுள்ள ஒளிரும் பொருளைத் தாக்கும். தாக்குண்ட இடம் ஒளிவிடும். அக்கற்றையை இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் காந்தப்புலத்தால் இழுத்துச் சென்றால், கோடு கோடாக ஒரு படம் உருவாகும். நாம் தாளில் வரி வரியாக எழுதுவதுபோல அது திரையில் எழுதிச் செல்கிறது.

அமெரிக்காவில் 1941-இல் வகுக்கப்பட்ட முறைப்படி ஒரு முழுப்படத்திற்கு 525 கோடுகள். நொடிக்கு 30 முழுப்படங்கள். நொடிக்கு முப்பது முறை மட்டுமே திரை ஒளிர்ந்தால் கண்ணுக்கு அது விட்டுவிட்டு மின்னுவதாகத் தோன்றும். ஆதலின், ஒவ்வொரு முழுப்படத்தையும் இரு பாதிகளாகப் பிரித்தனர். முதற்பாதியில் ஒற்றைப்படைக் கோடுகளும், இரண்டாம் பாதியில் அவற்றின் இடைவெளிகளில் இரட்டைப்படைக் கோடுகளும் வரையப்படும். இங்ஙனம் நொடிக்கு 60 பாதிப்படங்கள் கிடைத்தன. வானலையில் கூடுதல் இடம் கேளாமல் மின்னலைக் குறைத்த இவ்வுத்தி, அக்காலப் பொறியியலின் சிறந்த சிக்கனங்களுள் ஒன்று.

1953-இல் இதே முறையில் வண்ணமும் சேர்க்கப்பட்டது. கறுப்பு வெள்ளைப் பெட்டி வைத்திருந்தோரும் தொடர்ந்து படம் காண வேண்டுமென்பதால், ஒளிச் செய்தி செல்லும் அதே அலைவரிசைக்குள் வண்ணச் செய்தியையும் நுழைத்துவிட்டனர். இதுவே என்.டி.எஸ்.சி. எனப்படும் முறை. மேற்குச் செருமனியில் வால்ட்டர் புரூக் என்பார் வகுத்த ‘பால்’ என்னும் முறை 1967-இல் ஒளிபரப்புக்கு வந்தது. அதில் 625 கோடுகள்; நொடிக்கு 50 பாதிப்படங்கள். 1963-இல் தொலைக்காட்சியைக் கண்ட சிங்கப்பூரும் மலேசியாவும் வண்ண ஒளிபரப்புக்கு முறையே 1974-இலும் 1978-இலும் மாறியபோது, இந்தப் ‘பால்’ முறையையே மேற்கொண்டன.

படக்குழாய்க்கு நினைவென்பது கிடையாது. வந்த சமிக்ஞையை வந்த கணத்திலேயே அது எழுதிவிடும். சேர்த்துவைத்து ஆராய்ந்து பின்னர்க் காட்டும் வழக்கம் அதற்கில்லை. இவ்வியல்பைப் பின்னர் நினைவிற்கொள்ள வேண்டியிருக்கும்.

வானலை வாயிலில் நுழைந்த விளையாட்டு

செருமனியில் பிறந்து, நாசி ஆட்சியின் கொடுமைக்கு அஞ்சி 1938-இல் குடும்பத்தோடு அமெரிக்காவிற்குச் சென்றவர் ரால்ஃப் பேயர். நியூ ஆம்சயர் மாநிலத்தில் சாண்டர்ஸ் என்னும் பாதுகாப்புத்துறைத் தொழிலகத்தில் பொறியாளராய் இருந்த அவர், 1966 செப்டம்பர் முதல் நாளன்று நான்கு பக்கக் குறிப்பொன்றை எழுதினார். வீடுதோறும் இருக்கும் தொலைக்காட்சிப் பெட்டியைக் கொண்டு விளையாட முடியுமா என்பதே அதன் பொருள். 1968-இல் அவரும் துணைவரும் செய்து முடித்த பழுப்புநிறப் பெட்டி, பின்னர் மேக்னவாக்ஸ் நிறுவனத்தால் ‘ஒடிசி’ என்னும் பெயரில் 1972-இல் விற்பனைக்கு வந்தது. வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து ஆடப்பட்ட முதல் விளையாட்டுக் கருவி அதுவே.

அந்நாளில் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் செல்வதற்கு ஒரே ஒரு வாயில்தான் இருந்தது. அஃது அலைவாங்கிக் கம்பியை மாட்டும் இடம். வானத்திலிருந்து வரும் ஒளிபரப்பைத் தவிர வேறெதனையும் அப்பெட்டி அறியாது. எனவே பேயரின் கருவி தன்னையே ஒரு சிறு ஒளிபரப்பு நிலையமாக ஆக்கிக்கொண்டது. அது தன் படத்தை வானலைபோல் மாற்றி, 3 அல்லது 4-ஆம் அலைவரிசையில் அனுப்பியது. அக்கருவிக்கு வண்ணமும் இல்லை, ஒலியும் இல்லை. திரையின்மேல் ஒட்டும் வண்ண நெகிழித் தாள்களே ஆடுகளத்தின் கோலத்தைக் காட்டின.

1977-இல் வெளிவந்த அட்டாரி நிறுவனத்தின் கருவியும் இவ்வாயிலிலேயே நுழைந்தது. அதன் தற்காலிக நினைவகம் 128 பைட்டுகளே. ஒரு முழுப்படத்தைச் சேர்த்துவைக்க அஃது எள்ளளவும் போதாது. ஆகவே அதன் நிரலர், திரையில் கற்றை ஓடும் வேகத்திற்கு ஈடாகக் கோட்டுக்குக் கோடு படத்தைக் கணித்து அனுப்பினர். விளையாட்டை இயற்றியவன் படக்குழாயின் நடையோடு சேர்ந்து நடக்க வேண்டியவனாயினான். படக்குழாய் அவ்விளையாட்டுக்கு வெறும் காட்சிப் பலகையாக மட்டும் இருந்ததன்று என்பது இதனாற் புலனாகும்.

1983 சூலை 15-இல் சப்பானில் நிண்டெண்டோ நிறுவனம் ‘ஃபேமிலி கம்ப்யூட்டர்’ என்னும் கருவியை வெளியிட்டது. மசாயுகி உவேமுரா என்னும் பொறியாளரின் தலைமையில் உருவான அதுவும் வானலை வழியே, சப்பானிய 1 அல்லது 2-ஆம் அலைவரிசையில் படம் அனுப்பியது. அவ்வலைவரிசைகள் 90 முதல் 102 மெகாஹெர்ட்ஸ் வரை அமைந்தவை. நம் நாடுகளில் அவ்விடம் பண்பலை வானொலிக்கு உரியது. எனவே சப்பானிலிருந்து ஆசையோடு வாங்கிவந்த கருவியை இங்குள்ள பெட்டியில் மாட்டினால், பொதுவாக அலைவரிசையே பிடிபடாது. வேறு கம்பி வழியே இணைத்தாலும் முறை வேறுபாட்டால் வண்ணம் தோன்றாது கறுப்பு வெள்ளையே தெரியும். ‘பால்’ முறைக்கு ஏற்ப அமைத்துத் தைவானிலிருந்து வந்த ‘மைக்ரோ ஜீனியஸ்’ போன்ற படிக் கருவிகள் தென்கிழக்காசியாவில் பரவியதற்கு விலை மட்டுமன்றி இதுவும் ஒரு காரணம் எனலாம்.

‘பால்’ முறைக்கு மாற்றப்பட்ட விளையாட்டுகளிலும் ஒரு குறை நேர்ந்தது. நொடிக்கு 60 படங்களுக்கென இயற்றப்பட்டவை 50 படங்களில் ஓடியதால், வேகம் ஆறில் ஒரு பங்கு குறைந்தது. இசையும் இழுபட்டது. கூடுதல் கோடுகளை நிரப்பப் படமில்லாமையால், மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் தோன்றின. நம்மவர் பலர் குழந்தைப் பருவத்தில் ஆடியது இந்த மெதுநடை விளையாட்டையே. அதனை அவர் அறிந்திலர். வேறொன்றைக் கண்டிராதவர்க்குக் குறை தோன்றுவதெங்ஙனம்?

கம்பிகளின் வரலாறு

வானலையாக மாற்றிப் பின் மீண்டும் படமாக மாற்றுவதில் இழப்பு மிகுதி. இரைச்சல் புகும், அண்டை அலைவரிசையின் நிழல் விழும். 1980-களில் வீடியோ நாடாக் கருவிகள் பெருகியபோது, தொலைக்காட்சிப் பெட்டிகளில் புதிய வாயில்கள் திறக்கப்பட்டன.

முதலாவது, மஞ்சள் முனையுடைய ‘காம்போசிட்’ கம்பி. வானலை மாற்றம் இதில் இல்லை. ஆயினும் ஒளிச் செய்தியும் வண்ணச் செய்தியும் ஒரே கம்பியில் கலந்தே செல்கின்றன. கலந்ததைப் பெட்டி பிரித்தெடுக்கும்போது முழுமையாகப் பிரியாது. அதனால் வண்ண எல்லைகளில் புள்ளிகள் ஊர்வதும், நுண்ணிய கோடுகளில் இல்லாத வண்ணம் தோன்றுவதும் உண்டு.

இரண்டாவது, 1987-இல் வந்த எஸ்-வி.எச்.எஸ். நாடாக் கருவிகளால் பரவிய எஸ்-வீடியோ. இதில் ஒளியும் வண்ணமும் தனித்தனிக் கம்பிகளில் செல்லும். படம் உடனே தெளிவடையும்.

மூன்றாவது, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களையும் கலக்காமல் மும்மூன்றாகவே அனுப்பும் ஆர்.ஜி.பி. முறை. கருவிக்குள் படம் பிறக்கும் வடிவத்திலேயே அது திரையை அடைகிறது. பிரான்சு நாட்டில் தோன்றி, 1980-களின் தொடக்கத்தில் அங்கு விற்கப்படும் பெட்டிகளுக்குக் கட்டாயமாக்கப்பட்ட 21 முனை ‘ஸ்கார்ட்’ இணைப்பு, ஐரோப்பியர்க்கு இவ்வசதியை எளிதில் அளித்தது. அமெரிக்க வீட்டுத் தொலைக்காட்சிகளிலோ அவ்விணைப்பு இல்லை. டி.வி.டி. பரவிய காலத்தில், 1990-களின் இறுதியில், ‘காம்போனென்ட்’ என்னும் மூன்று கம்பி முறை அங்குத் தெளிவான படத்திற்கு வழியாயிற்று.

எந்தக் கருவி எந்த வாயிலை உடையது என்பதை அறிதல், இணைப்பு முயற்சியின் முதற்படியாகும். நிண்டெண்டோவின் முதற்கருவியில் படத்தை உண்டாக்கும் சில்லு, கலந்த சமிக்ஞையையே நேராகப் பிறப்பிக்கிறது. மூன்று நிறங்களும் அதனுள் தனித்தனியே எங்கும் வெளிப்படுவதில்லை. எனவே உள்ளமைப்பை மாற்றாமல் அதனிடம் மஞ்சள் கம்பிக்கு மேலான படத்தைக் கேட்பது பயனற்றது. 1988-இல் வந்த சேகாவின் மெகா டிரைவிலோ ஆர்.ஜி.பி. உண்டு, அதன் கலந்த சமிக்ஞைதான் தரம் குறைந்தது. 1990-இல் வந்த சூப்பர் ஃபேமிகாம் கலந்த சமிக்ஞை, எஸ்-வீடியோ, ஆர்.ஜி.பி. ஆகிய மூன்றனையும் ஒரே வாயிலில் தந்தது. 1994-இல் வந்த சோனியின் பிளேஸ்டேஷனும் ஆர்.ஜி.பி. தரவல்லது. கருவியோடு விற்கப்பட்ட மஞ்சள் கம்பியையே பலர் கடைசிவரை பயன்படுத்தியதால், தம் பெட்டிக்குள் அதைவிடச் சிறந்த படம் அடைபட்டுக் கிடந்ததை அறியாமலே போயினர்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. சப்பானிய 21 முனை ஆர்.ஜி.பி. இணைப்பும் ஐரோப்பிய ஸ்கார்ட் இணைப்பும் உருவத்தில் ஒன்றே. உள்ளே கம்பிகள் செல்லும் முறை வேறு. ஒன்றை மற்றொன்றில் மாட்டினால் கருவி பழுதடையக்கூடும். முனை பொருந்துகிறது என்பதை மட்டும் நம்பி மாட்டுதல் கூடாது.

அரைக்கோட்டின் கதை

நல்ல கம்பியை மாட்டிய பின்னும் புதிய திரையில் படம் சீர்ப்படுவதில்லை. அதற்குக் காரணம் ஓர் அரைக்கோடு.

525 கோடுகளை இரு பாதியாக்கினால் ஒவ்வொன்றிலும் 262½ கோடுகள் வரும். அந்த அரைக்கோடுதான் இரண்டாம் பாதிப்படத்தை முதற்பாதியின் இடைவெளிகளுக்குள் சரியாக இறக்கிவிடுகிறது. விளையாட்டுக் கருவிகளை அமைத்தோர் அவ்வரைக்கோட்டை விட்டுவிட்டனர். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 262 முழுக்கோடுகளையே அனுப்பினர். அரைக்கோடு நீங்கியதும் கற்றை ஒவ்வொரு முறையும் அதே இடத்திலேயே கோடுகளை வரைந்தது. இடையிடையே ஒரு கோட்டளவு வெளி இருளாகவே நின்றது.

இதனால் விளைந்த நன்மைகள் இரண்டு. மெல்லிய விளிம்புகள் நடுங்காமல் நின்றன; நொடிக்கு 30 முழுப்படங்களுக்குப் பதிலாக 60 முழுப்படங்கள் கிடைத்தமையால் அசைவு வழுவழுப்பாயிற்று. கண்ணுக்குத் தெரியும் கோடுகள் 224 அல்லது 240 அளவிற்குக் குறைந்தாலும், அந்நாளைய நினைவகத்தின் விலையை நோக்க அதுவே ஏற்புடையதாயிருந்தது. இன்று இம்முறையை 240 கோட்டு முறை என வழங்குகின்றனர்.

தொலைக்காட்சி இலக்கணத்தில் இப்படியொரு முறை விதிக்கப்படவில்லை. ஆயினும் விதியறியாத படக்குழாய், வந்ததை வந்தவாறே எழுதி, இம்மீறலை எளிதில் ஏற்றுக்கொண்டது. சுவடியில் இடாத புள்ளியைப் படிப்பவர் தாமே இட்டுப் படித்தது போன்றது இது. சமிக்ஞையில் “நான் முழுப்படம்” என்னும் குறிப்பு ஏதுமில்லை. எழுதும் குழாயின் இயல்பே அதனை முழுப்படமாக்கிற்று.

புதிய திரையின் தவறான வாசிப்பு

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் பிற்பாதியில் படக்குழாய்ப் பெட்டிகள் விடைபெற்றன. தட்டைத் திரைகள் அவ்விடத்தைப் பிடித்தன. 2002 திசம்பரில் முதல் வரையறை வெளியான எச்.டி.எம்.ஐ. இணைப்பு, படத்தையும் ஒலியையும் எண்களாகவே ஒரே கம்பியில் கொண்டு சென்றது. 2006-இல் வந்த பிளேஸ்டேஷன் 3 முதலியவை அவ்விணைப்பை உடையன. பழைய வானலை ஒளிபரப்பும் அமெரிக்காவில் 2009-இலும், சப்பானின் பெரும்பகுதியில் 2011-இலும், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 2019-இலும் நிறுத்தப்பட்டது. பழைய வாயில்கள் ஒவ்வொன்றாய் அடைபட்டன.

தட்டைத் திரையில் கற்றை இல்லை. நிலையான புள்ளிகளே உள்ளன. 1920 × 1080 அல்லது 3840 × 2160 என அவற்றின் எண்ணிக்கை அறுதியானது. வரும் படத்தை அவ்வெண்ணிக்கைக்கு விரித்துத் தைத்தாலன்றிக் காட்ட இயலாது. அங்ஙனம் விரிக்குமுன் பெட்டி அதனைச் சேர்த்துவைத்து ஆராய்கிறது. அவ்வாராய்ச்சியில்தான் பிழைகள் நேர்கின்றன.

முதற்பிழை, பல பெட்டிகள் 240 கோட்டுப் படத்தைப் பாதிப்படமென எண்ணி, இரண்டிரண்டாய்ச் சேர்த்து ஒரு முழுப்படமாக்க முயல்வது. அடிபட்ட வீரன் ஒரு படம் தோன்றியும் ஒரு படம் மறைந்தும் மின்னுவதாக விளையாட்டில் அமைத்திருப்பர். தவறாகச் சேர்க்கும் பெட்டியில் அவன் சீப்பின் பற்களைப்போல் கோடு கோடாய்க் கிழிந்து தெரிவான். சில வேளை முற்றிலும் மறைந்தே போவான்.

இரண்டாம் பிழை, தாமதம். ஒரு படத்தின் காலம் ஏறத்தாழ 16.7 மில்லி நொடி. ஆராய்ச்சியும் அழகூட்டலும் செய்யும் பெட்டிகளில் தாமதம் 100 மில்லி நொடியைத் தொடுவதுமுண்டு. அஃது ஆறு படங்களின் காலம். 1987-இல் நிண்டெண்டோ வெளியிட்ட ‘பஞ்ச்-அவுட்’ என்னும் குத்துச்சண்டை விளையாட்டில், எதிரியின் கை அசைவைக் கண்ட கணத்தில் விலக வேண்டும். தாமதமுள்ள திரையில் ஆடுபவன் காண்பது முடிந்துபோன அசைவையே. தோற்றவன் தன் கையைப் பழிப்பான், குற்றம் திரையினுடையது.

மூன்றாம் பிழை, உருவச் சிதைவு. பழைய திரையின் அகலமும் உயரமும் 4:3 என்னும் அளவின; புதியது 16:9. பழைய படத்தை முழுத்திரைக்கும் இழுத்தால் வட்டம் முட்டையாகும்.

முற்றிலும் இழந்துபோனவையும் உண்டு. 1984-இல் வெளிவந்த ‘டக் ஹன்ட்’ விளையாட்டில் ஆடுபவர் ஒளித்துப்பாக்கியால் வாத்தைச் சுடுவர். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் இருண்டு, வாத்து இருந்த இடத்தில் வெண்கட்டம் ஒன்று தோன்றும். துப்பாக்கியின் நுனியிலுள்ள ஒளியுணரி அக்கட்டத்தைக் கண்டால் வாத்து வீழும். வெண்மை எக்கணத்தில் தோன்றும் என்பதைக் கருவி எதிர்பார்த்திருக்கிறது. தட்டைத் திரையில் அது தாமதமாய் வருவதால், குறி சரியாயினும் வாத்து வீழ்வதேயில்லை.

இடைநின்று பெயர்த்துத் தரும் கருவிகள்

இக்குறைகளைக் களைவதற்குப் பழைய கருவிக்கும் புதிய திரைக்கும் இடையே நின்று படத்தைப் பெயர்த்துத் தரும் கருவிகள் தோன்றின. சப்பானில் மைக்கோம்சாஃப்ட் நிறுவனம் 2011-இல் வெளியிட்ட ‘ஃபிரேம்மைஸ்டர்’ இவற்றுள் பெயர் பெற்றது. அது 240 கோட்டுப் படத்தை அதுவாகவே அறிந்துகொண்டு எச்.டி.எம்.ஐ.-க்கு மாற்றியது. பின்னர், அமைப்பு வரைபடங்களையும் நிரலையும் யாவரும் காண வெளியிட்ட ‘ஓ.எஸ்.எஸ்.சி.’ வந்தது. முழுப்படத்தைச் சேர்த்துவைக்காமல், வந்த கோட்டை உடனே இருமுறை மும்முறை திருப்பி எழுதுவது அதன் வழி. ஆதலின் அது சேர்க்கும் தாமதம் ஒரு கோட்டின் காலத்தையொட்டியதே. கண்ணுக்கோ கைக்கோ புலப்படாதது. 2023 இறுதியில் வந்த ‘ரெட்ரோடிங்க் 4கே’ போன்றவை, படக்குழாயின் இருட்கோடுகளையும் ஒளிர்புள்ளிகளின் அமைப்பையும்கூடப் போலச்செய்து காட்டுகின்றன.

இங்கு எளிய கணக்கொன்று உண்டு. 240-ஐ மூன்றால் பெருக்கினால் 720. ஒன்பதால் பெருக்கினால் 2160. இவ்வளவுகளில் ஒவ்வொரு கோடும் சமமாகத் தடிக்கும். 1080-க்கோ நாலரை மடங்கு வேண்டும். கோட்டைப் பாதியாக்க இயலாமையால் சில கோடுகள் தடித்தும் சில மெலிந்தும் போகும். அன்றேல் விளிம்புகளை மங்கலாக்க வேண்டும். ஐந்து மடங்காக்கி 216 கோடுகளை மட்டும் காட்டுவாரும் உளர். பல விளையாட்டுகள் 224 கோடுகளையே பயன்படுத்தியமையால், இவ்வழியில் மேலும் கீழும் நான்கு நான்கு கோடுகளே வெட்டுண்ணும்.

இவ்வளவு விலையுயர்ந்த கருவிகளை வாங்க இயலாதோர் செய்யத்தக்கனவும் சில உள. கருவி தரவல்ல கம்பிகளுள் சிறந்ததைத் தேர்தல் வேண்டும். தொலைக்காட்சியில் ‘கேம் மோடு’ என்னும் அமைப்பை இயக்கினால் தாமதம் பெரிதும் குறையும். திரையளவை 4:3 என அமைத்தால் உருவம் சிதையாது. கூர்மையூட்டல், இரைச்சல் நீக்கல் போன்ற அழகூட்டல்களை நிறுத்திவிடலாம். சந்தையில் மலிவாய்க் கிடைக்கும் மாற்றிகள் பல, 240 கோட்டுப் படத்தைப் பாதிப்படமென்றே கொண்டு, 16:9 அளவிற்கு இழுத்தும் விடுகின்றன. முனை மாறுவதனால் மட்டும் வாசிப்புத் திருந்திவிடாது.

எது மூலப்படம்?

தெளிவான படமே சிறந்த படம் என்று இதுவரை கொண்டோம். ஆயின் அதனையும் ஐயுற வேண்டிய இடம் ஒன்று உண்டு.

1991-இல் மெகா டிரைவுக்கு வந்த ‘சோனிக்’ விளையாட்டின் முதற்களத்தில் ஓர் அருவி வீழ்கிறது. அருவியின் ஊடே பின்புலம் தெரிய வேண்டும். ஒன்றன் ஊடே ஒன்று தெரியுமாறு நிறங்களைக் கலக்கும் ஆற்றலோ அக்கருவிக்கு இல்லை. ஓவியர் நெருங்கிய செங்குத்துக் கோடுகளாக அருவியை வரைந்தார். மஞ்சள் கம்பியின் வழியே சென்றபோது, அதன் கலக்கும் குறையே கோடுகளை ஒன்றாய்க் குழைத்து, ஊடுருவித் தெரியும் நீராக்கிற்று. அதே விளையாட்டை ஆர்.ஜி.பி. கம்பியில் கூர்மையாகக் கண்டால், அருவி மறைந்து வேலிக்கம்பிகளே தோன்றும்.

இவற்றுள் எது மூலம்? கருவி அனுப்பிய கோடுகளா, கண்டவர் கண்ட நீரா? கோடுகளே மூலமெனின், எவரும் வீட்டில் கண்டிராத ஒன்றை மூலமென்கிறோம். நீரே மூலமெனின், தெளிவை நாடி நாம் செய்த முயற்சி அவ்விடத்தில் மூலத்தை அழிக்கிறது. பாடவேறுபாடுகளை ஒப்பு நோக்கும் பதிப்பாசிரியர்க்கு இத்தகைய இக்கட்டு புதிதன்று. சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் பல சுவடிகளைத் தேடி ஒப்பு நோக்கினார், ஒன்றைக் கொண்டு மற்றவற்றை மறைத்துவிடவில்லை, வேறுபாடுகளையும் போற்றினார். பழைய விளையாட்டுகளைக் காக்க விழைவோர்க்கும் அந்நெறி பொருந்தும். கூர்மையான படமும் வேண்டும்; குழைந்த படத்தின் நினைவும் வேண்டும்; இரண்டற்கும் மேலாக, இயங்கும் படக்குழாய்ப் பெட்டிகள் சிலவேனும் காட்சியகங்களிலும் பள்ளிகளிலும் காக்கப்பட வேண்டும்.

முடிவுரை

படக்குழாய்ப் பெட்டிகள் கனத்தவை, இடம் அடைப்பவை, குப்பைமேட்டிற்கு எளிதில் அனுப்பப்படுபவை. வீட்டுக்கென அவற்றைப் புதிதாய்ச் செய்யும் தொழிலகங்கள் ஓய்ந்துவிட்டன. ஒவ்வொன்று பழுதடையும்போதும், அரைக்கோட்டை விட்ட சமிக்ஞையைப் பிழையின்றிப் படிக்கவல்ல வாசகர் ஒருவர் மறைகிறார் எனலாம். இடைநிற்கும் கருவிகள் அவ்வாசிப்பைக் கற்று வைத்திருப்பது நற்பேறே. எனினும் கற்றது எதனை என்பதை ஒப்பிட்டுப் பார்க்க மூலம் இருந்தாக வேண்டும்.

வீட்டின் மூலையில் தூசு படிந்து கிடக்கும் விளையாட்டுப் பெட்டியை நம் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புவோர், மாட்டிய உடனே தோன்றும் மங்கிய படத்தைக் கண்டு அதனை இகழ்ந்துவிட வேண்டா. அது 128 பைட்டு நினைவையும் இருநூற்றுச் சொச்சம் கோடுகளையும் கொண்டு உலகம் படைத்தோரின் உழைப்பு. ஏற்ற கம்பியைத் தேடி, திரையளவைத் திருத்தி, தாமதத்தைக் குறைத்த பின்னரே அதனைப் பற்றித் தீர்ப்புச் சொல்லல் வேண்டும். பிழைபட்ட படியைப் படித்துவிட்டுப் புலவனைப் பழிப்பது நம் மரபன்று.